பரிசு 5 லட்சம் பவுண்டு, முன்பணம் 18,500 ரூபாய்: அப்பாவுக்கு வந்த லாட்டரி மின்னஞ்சல்

கேள்வி: பணி ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கு 'பிரிட்டன் நேஷனல் லாட்டரி'யில் 5 லட்சம் பவுண்டு விழுந்திருப்பதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட சான்றிதழும் இணைத்திருக்கிறார்கள். 'கிளியரன்ஸ்' கட்டணமாக 18,500 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். ஆதார் நகலை அனுப்பிவிட்டார், பணம் இன்னும் அனுப்பவில்லை. "இங்கிலீஷில் ஒரு பிழைகூட இல்லை, எப்படிப் பொய்யாக இருக்கும்?" என்று கேட்கிறார். எப்படிப் புரியவைப்பது?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: பணம் போகவில்லை என்பதே பெரிய ஆறுதல். இன்றைக்கே அவரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

அப்பாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தப்பும் தவறுமான ஆங்கிலம்தான் மோசடியின் அடையாளம் என்று என்னைப் போன்றவர்களே பல வருடம் சொல்லிவந்தோம். இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்று போதும், பிழையில்லாத கடிதம் நொடியில் தயார். அதனால் மொழிநடையை விட்டுவிடுங்கள். அவர்கள் கேட்கும் அந்த 18,500 ரூபாயைப் பிடித்துக்கொள்ளுங்கள். குட்டு உடைவது அங்கேதான்.

கட்டணம் எதற்கு என்று கடிதத்தில் எழுதியிருப்பார்கள். 'பிரிட்டன் அரசுக்கு வரி' என்று இருந்தால், பிரிட்டனில் லாட்டரிப் பரிசுக்கு வரியே கிடையாது. 'இந்திய வருமான வரி' என்று இருந்தால், நம் ஊரில் லாட்டரியில் பணம் விழுந்தால் கொடுப்பவரே 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார். வென்றவர் முன்கூட்டிக் கட்டும் வழக்கம் இல்லை. 'ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம்' என்று இருந்தால், ரிசர்வ் வங்கி தனிமனிதர்களுக்குக் கணக்கே வைத்துக்கொள்வதில்லை. பரிசுப் பணத்தை விடுவிக்கக் கட்டணம் கேட்டு யாருக்கும் எழுதுவதும் இல்லை. தன் பெயரில் வரும் இப்படிப்பட்ட போலிக் கடிதங்களைப் பற்றி அந்த வங்கியே பல முறை எச்சரித்திருக்கிறது. முத்திரையையும் ஆளுநர் கையெழுத்தையும் இணையத்திலிருந்து வெட்டி ஒட்டுவது ஐந்து நிமிட வேலை.

இன்னொன்றையும் அப்பாவிடம் சொல்லுங்கள். வெளிநாட்டு லாட்டரியில் கலந்துகொள்ள இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதை அந்நியச் செலாவணிச் சட்ட விதிகள் தடை செய்கின்றன. அப்படியிருக்க, அதற்கு ரிசர்வ் வங்கியே சான்றிதழ் கொடுக்குமா?

பணத்தை எந்தக் கணக்கில் போடச் சொல்கிறார்கள் என்றும் பாருங்கள். பெரும்பாலும் இந்தியாவில் யாரோ ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்காகவோ யுபிஐ எண்ணாகவோ இருக்கும். லண்டன் லாட்டரிக்கு அங்கே என்ன வேலை? 18,500 என்பது முதல் படிதான். கட்டியதும் சுங்கம், காப்பீடு, வக்கீல் என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். போட்ட பணத்தை விட மனசு வராமல் ஆட்கள் மேலும் மேலும் கட்டுகிறார்கள். லட்சக்கணக்கில் இழந்த பலரும் முதலில் கட்டியது சின்னத் தொகைதான்.

இனி, டிக்கெட். பிரிட்டன் நேஷனல் லாட்டரிச் சீட்டை அந்த நாட்டில் இருப்பவர்கள்தான் வாங்க முடியும். மின்னஞ்சல் முகவரிகளைக் குலுக்கிப் போட்டு யாருக்கும் பரிசு தருவதில்லை. தமிழ்நாட்டிலோ 2003 முதல் லாட்டரி விற்பனையே தடைசெய்யப்பட்டிருக்கிறது. வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது. அப்பாவுக்கு இந்த ஒரு வரியே போதுமாக இருக்கலாம்.

கடிதத்தையும் ஒருமுறை அவரோடு சேர்ந்து திறந்து பாருங்கள். 'ரிப்ளை' பொத்தானை அழுத்துங்கள், எதையும் அனுப்ப வேண்டாம். பெறுநர் கட்டத்தில் வரும் முகவரி, கடிதத்தின் மேலே இருக்கும் முகவரியிலிருந்து வேறுபடுகிறதா? பெயர் லாட்டரி நிறுவனத்துடையதாக இருந்தும் @ குறிக்குப் பின்னால் ஜிமெயில் என்று வருகிறதா? @ குறிக்குப் பின்னால் வரும் டொமைன் பெயரை வலப்பக்கத்திலிருந்து படிக்கப் பழகுங்கள். முன்னால் 'லாட்டரி' என்று எத்தனை முறை எழுதியிருந்தாலும் உரிமையாளர் யார் என்பது கடைசிப் பகுதியில்தான் தெரியும். கணினியில் ஜிமெயில் வைத்திருந்தால் மூன்று புள்ளியைச் சொடுக்கி 'ஷோ ஒரிஜினல்' பார்க்கலாம். அங்கே டி.மார்க் (அனுப்பியவரின் முகவரி போலியா என்று பார்க்கும் சோதனை) 'ஃபெயில்' என்றால் அது பெரிய எச்சரிக்கை. ஆனால் 'பாஸ்' என்று இருந்தால் நம்பிவிடாதீர்கள். அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்பது மட்டுமே அதன் பொருள். மோசடிக்காரர் சொந்த ஜிமெயிலிலிருந்து அனுப்பினாலும் 'பாஸ்' என்றுதான் காட்டும்.

'பரிசு கைக்கு வரும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று ஒரு வரி இருக்கிறதா, தேடுங்கள். எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த வரியைப் பார்த்தால்தான். வீட்டில் ஒருவர் கேட்டிருந்தாலே காரியம் கெட்டுவிடும் என்று தெரிந்தே எழுதுகிறார்கள். அப்பாவிடம் பேசும்போது தயவுசெய்து கேலி வேண்டாம், அம்மா முன்னால் விசாரணையும் வேண்டாம். கூனிக்குறுகிப் போனவர் அடுத்த கடிதத்தை உங்களிடம் காட்டமாட்டார். பேரப்பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாம் என்ற ஆசையில்கூட அவர் இதை நம்பியிருக்கலாம்.

ஆதார் நகல் போய்விட்டதால் சில வேலைகள் இருக்கின்றன. ஆதார் செயலியில் கைரேகை, கண் அடையாளங்களைப் பூட்டிவைக்கலாம். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அவர் பெயரில் எத்தனை மொபைல் இணைப்புகள் இருக்கின்றன என்று பாருங்கள். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை சிபில் அறிக்கையை எடுத்து, அவர் வாங்காத கடன் ஏதும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஓடிபி எண் எதையும் சொன்னாரா என்று மெதுவாகக் கேளுங்கள். சொல்லியிருந்தால் உடனே வங்கிக்குப் போங்கள்.

நீங்கள் பேசுவதற்குள் பணம் அனுப்பிவிட்டிருந்தால், அந்த நிமிடமே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள். பணம் கைமாறி வெளியே எடுக்கப்படுவதற்குள் தகவல் போனால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. மறுநாள் போனால் அந்த வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். பிறகு தேசிய சைபர் குற்றத் தளத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

சில வாரங்கள் கழித்து 'சைபர் போலீஸ்' என்றோ 'வக்கீல்' என்றோ சொல்லிக்கொண்டு, அந்த மோசடிக்காரர்களைப் பிடித்துவிட்டோம், நஷ்ட ஈடு வாங்கித் தருகிறோம் என்று யாராவது அழைக்கலாம். சிறு கட்டணம் கட்டச் சொல்வார்கள். அது பெரும்பாலும் அதே கும்பலாகவோ, அவர்களிடமிருந்து முகவரிப் பட்டியலை வாங்கியவர்களாகவோ இருக்கும். இதையும் அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.