குளோசப் (முகம் மட்டும்), மிட் ஷாட் (இடுப்பு வரை), லோ ஆங்கிள் (கீழிருந்து எடுப்பது) எல்லாம் படித்தாயிற்று. ஆனாலும் எடுக்கும் படங்கள் ஒரே மாதிரி இருக்கின்றனவே, எப்படிப் பயிற்சி செய்வது?

நீங்கள் அநேகமாக நின்ற இடத்திலேயே நின்று ஜூமைத் திருகுகிறீர்கள். அப்படி எடுத்தால் மூன்று ஷாட்டும் ஒரே படத்தை வெட்டியது போலத்தான் இருக்கும். முகத்தின் அமைப்பையும் பின்னணி எவ்வளவு நெருங்கித் தெரியும் என்பதையும் தீர்மானிப்பது ஆளுக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரம். ஆகவே முதலில் நடந்து பழகுங்கள்.

ஒரே ஆள், ஒரே ஜன்னல் வெளிச்சம், ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் (ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார் என்றால் 35) போதும். கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்தால் 5 மீட்டரில் ஃப்ரேமின் உயரம் 2.4 மீட்டர், ஆள் தலை முதல் கால் வரை அடங்குவார். சுமார் 2 மீட்டரில் இடுப்பு வரை, 1.25 மீட்டரில் மார்பு வரை. இந்த இடங்களில் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள்.

முகம் மட்டும் வேண்டுமென்று அதே லென்ஸோடு 70 செ.மீ. வரை போனால் மூக்கு பெருத்து, காது பின்வாங்கும். அங்கே மட்டும் 1.25 மீட்டரிலேயே நின்று 85 மி.மீ. போடுங்கள். ஜூம் கூடாது என்றவர் லென்ஸை மாற்றச் சொல்கிறாரே என்று கேட்க வேண்டாம். தூரத்தை முடிவு செய்த பிறகு லென்ஸைத் தேர்வது வேறு, நகரச் சோம்பி ஜூம் செய்வது வேறு. மொபைலின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ.க்குச் சமம், அதில் குளோசப்புக்கு ஒரு மீட்டராவது தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வைப்பதே சரி. அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எண் சிறிதானால் திறப்பு பெரிது) எஃப் 5.6 இருக்கட்டும். 85 மி.மீ.யில் 1.2 மீட்டரில் எஃப் 1.8 வைத்தால் ஃபோகஸ் ஆழம் (கூர்மையாகத் தெரியும் பகுதி) சுமார் 2 செ.மீ.தான், தலை சற்றுத் திரும்பினாலே ஒரு கண் மங்கிவிடும்.

ஃப்ரேமின் ஓரம் மூட்டில் விழக்கூடாது. முழங்கால், கணுக்கால், மணிக்கட்டில் வெட்டினால் உறுப்பு துண்டானது போலத் தெரியும். தொடை நடுவில் வெட்டுங்கள்.

ஆங்கிளில் பலர் தவறுவது, லென்ஸின் உயரத்தை மாற்றாமல் கேமராவைச் சாய்ப்பதில். உட்கார்ந்திருப்பவரை நின்றபடி எடுத்தால் அது ஐ லெவல் ஆகாது; அவர் கண் உயரத்துக்கு லென்ஸ் இறங்க வேண்டும். லோ ஆங்கிளுக்கு முழங்கால் உயரம். பின்னால் வானம் வந்தால் முகம் இருண்டுவிடும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 ஏற்றுங்கள். ஹை ஆங்கிளுக்குக் கண்ணைவிட அரை மீட்டர் மேலே. ஆளை முகம் நிமிர்த்தச் சொல்லாவிட்டால் புருவ நிழல் கண்ணை மூடிவிடும். டச்சு ஆங்கிள் (கேமராவைப் பக்கவாட்டில் சாய்த்து எடுப்பது) என்றால் 20 டிகிரியாவது சாயட்டும். 3, 4 டிகிரி சாய்வு கைத்தவறு போலத்தான் தெரியும்.

நான்கு அளவு, மூன்று உயரம்: மொத்தம் 12 படங்கள். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எதையும் அழிக்காமல், 12-ஐயும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மார்பு வரை எடுத்தால் அது மிட் குளோசப்பா குளோசப்பா என்று திருத்த வருபவர்களுக்கு: பெயர்கள் ஆளுக்கு ஆள் மாறும், எங்கே வெட்டினோம் என்பதுதான் கணக்கு. எனக்குள்ள வருத்தம் வேறு. இப்படி அளந்து தலைக்கு மேல் இடம் விட்டு எடுத்த படத்தை, சமூக வலைதளங்கள் தங்கள் கட்டத்துக்கு ஏற்பச் சதுரமாகவோ நெட்டையாகவோ நறுக்கிவிடுகின்றன. பயிற்சிப் படங்களை அங்கே பார்த்து எடை போடாதீர்கள்.