பாலாற்றங்கரை பதில்கள்

கேள்வி: நடிகர் யாராவது இறந்துவிட்டால் டி.வி.யில் மூன்று நாளைக்கு வேறு செய்தியே கிடையாது. இது அஞ்சலியா, வியாபாரமா? (வாசகர், காட்பாடி)

பதில்: வியாபாரம் பாதி, சிக்கனம் மீதி. இந்த மாவட்டத்தில் நிருபராகவே காலம் தள்ளியவன் என்பதால் சொல்கிறேன். பிரபலம் இறந்தால் செலவு குறைவு. வாசலில் ஒரு லைவ் வண்டி, கையில் ஒரு மைக், போதும். காரில் வந்து இறங்குகிறவர், மாலையோடு உள்ளே போகிறவர், கண்ணைத் துடைத்தபடி வெளியே வருகிறவர் என்று வந்தவர்களே நிகழ்ச்சியை நடத்திக் கொடுத்துவிடுவார்கள். நடுவில் பழைய பாட்டு இரண்டு. சம்பளம் வாங்காமல் இத்தனை நட்சத்திரங்கள் வேறு எந்த நிகழ்ச்சிக்கு வருவார்கள்?

இன்னொரு சாவையும் பாருங்கள். 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் படுத்திருந்த 10 பேர் அந்தக் கழிவுச் சேற்றில் சிக்கிச் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தச் சுவரை யார் கட்டினார்கள், அனுமதி இருந்ததா, நஷ்டஈடு அந்த ஊர் வரைக்கும் போய்ச் சேர்ந்ததா என்று தேட ஆள் வேண்டும், நாள் வேண்டும், அலுவலகம் அலுவலகமாக நடக்க வேண்டும், வங்க மொழி தெரிந்த ஒருவரையாவது பிடிக்க வேண்டும். எந்த சேனல் முதலாளி இதற்குப் பணம் எடுத்து வைப்பார்? அந்தப் பத்துப் பேரில் ஒருவர் பெயராவது உங்களுக்கு நினைவிருக்கிறதா?

கேள்வி: மக்கள் கேட்கிறார்கள், அவர்கள் காட்டுகிறார்கள். இதில் தப்பு என்ன? (வாசகி, ஆம்பூர்)

பதில்: நடிகை ஸ்ரீதேவி 2018 பிப்ரவரி 24 இரவு துபாயில் ஹோட்டல் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தார். உடல் மும்பைக்கு வந்தது 27-ஆம் தேதி இரவு. நடுவில் மூன்று நாள். காட்ட ஒரு படமும் இல்லை, சொல்லப் புதிதாக ஒரு வரியும் இல்லை. ஆனால் 24 மணி நேரத்தையும் நிரப்பியாக வேண்டுமே. குளியல் தொட்டி அப்படித்தான் வந்தது. தொட்டியைத் திரையில் வரைந்தார்கள், ஆழம் எவ்வளவு என்று பேசினார்கள். ஒரு தெலுங்கு சேனல் நிருபர் தொட்டிக்குள்ளேயே படுத்துக் காட்டினார். இதையெல்லாம் எந்த மகராசி கேட்டாள் அம்மா? நம் தெருவில் ஒரு சாவு விழுந்தால் இப்படி ஒருவன் வந்து படுத்துக் காட்டினால், எழுப்பி அனுப்புகிற விதமே வேறாக இருக்கும்.

கேள்வி: உயிரோடு இருப்பவர்களையும் முந்திக்கொண்டு அனுப்பிவிடுகிறார்களே? (வாசகர், ஆற்காடு)

பதில்: 2016 டிசம்பர் 5 மாலையை மறக்க முடியுமா? ஜெயலலிதா இறந்துவிட்டதாகச் சில சேனல்கள் அறிவித்தன. கட்சி அலுவலகக் கொடி பாதிக் கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் மறுபடி ஏறியது. இரவு 11.30-க்கு இறந்தார் என்று பிறகு அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தது. ஒரு சேனலின் ஸ்க்ரோலைப் பார்த்து அடுத்த சேனல் போடும், அதைப் பார்த்து மூன்றாவது போடும். உறுதி செய்தது யார் என்று கேட்டால் ஒருவரையொருவர் கை காட்டுவார்கள். இப்போது யூடியூப்காரர்கள் சேர்ந்த பிறகு கை காட்டவும் ஆள் இல்லை.

கேள்வி: சரி, யார் சாவுக்குத்தான் நேரம் ஒதுக்கலாம் என்கிறீர்கள்? (வாசகர், குடியாத்தம்)

பதில்: எம்.ஜி.ஆர். போன்றவர்களுக்கு ஒதுக்கத்தான் வேண்டும். 1987 டிசம்பர் 24 அன்று தமிழ்நாட்டில் வேறு எது செய்தி? அதை நான் குறை சொல்லவில்லை. அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1986 டிசம்பரில், டாக்டர் மேரி வர்கீஸ் காலமானார். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுக் கால்கள் செயலிழந்தவர். அப்புறம் நம் வேலூரில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பாகாயத்தில் 1966-ல் மறுவாழ்வு மையம் தொடங்கியதும் அவர் முயற்சியில்தான். அந்தக் கை அறுவை சிகிச்சையில் அவருக்குக் குரு டாக்டர் பால் பிராண்ட். அவர் 2003-ல் அமெரிக்காவில் இறந்தார். இவர்களுக்கு மூன்று நாள் வேண்டாம், அரை மணி நேரம் போதும். அதிலும் வி.ஐ.பி.க்களின் இரங்கல் வேண்டாம். விரல் நிமிர்ந்து, மறுபடி தன் கையால் சோறு பிசைந்து சாப்பிட்ட ஒருவரைக் கூப்பிட்டுப் பேச வைத்தாலே நிகழ்ச்சி மனதில் நின்றுவிடும்.

கேள்வி: டி.வி.யைத் திட்டுகிறீர்கள். நம் ஊர் கண்ணீர் அஞ்சலி பேனர்களைப் பார்ப்பதில்லையா? (வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: பார்க்கிறேனே. போன வாரம் ஒன்றில் கூலிங்கிளாஸ் போட்ட பதினைந்து பேர் கைகூப்பி நின்றார்கள். அதில் காலமானவர் யார் என்று டீக்கடையில் விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன்.