பாய்லர் செத்துப்போச்சு, ஐசாவை உடைக்கலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் சொந்த வீட்டில் இருக்கிறோம். மூன்று படுக்கையறை, ஒரே குளியலறை கொண்ட, பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டிய பழைய டெரஸ் வீடு. கணவர், நான், பத்து வயது மகன். வீட்டோடு வந்த காம்பி பாய்லருக்கு (வீட்டையும் சூடாக்கி, தொட்டி இல்லாமலே வெந்நீரும் தருவது) 19 வயது. போன குளிர்காலத்தில் 380 பவுண்டு கொடுத்து ரிப்பேர் பார்த்தோம். இப்போது சர்க்யூட் போர்டு போய்விட்டது, அந்த மாடலுக்கு இனி பார்ட்ஸ் கிடைக்காது என்கிறார் இன்ஜினீயர். மூன்று கொட்டேஷன் வாங்கினோம். கோயிலில் பழக்கமான ஒருவர் 2,750 பவுண்டு சொல்கிறார். ரொக்கமாகக் கொடுத்தால் 200 குறைப்பாராம். ஓர் ஆன்லைன் கம்பெனி 3,200 கேட்கிறது. மாதம் சுமார் 45 பவுண்டு வீதம் 10 ஆண்டுத் தவணையும் உண்டு, வட்டி 11.9 சதவீதம். பெரிய கம்பெனி ஒன்று 4,100. எங்களிடம் ஐசா என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் 6,500 பவுண்டு இருக்கிறது. அதுதான் அவசரத்துக்கு வைத்திருக்கும் பணம், தொடவே பயமாக இருக்கிறது. கேஸ் ஆண்டுக்கு 12,000 யூனிட் ஓடுகிறது, யூனிட் சுமார் 6 பென்ஸ். புது பாய்லர் போட்டால் பில்லில் மிச்சமாவதிலேயே தவணையைக் கட்டிவிடலாம் என்கிறார் விற்பனையாளர். தோழியோ, வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப் போடு, அரசாங்கமே 7,500 பவுண்டு தருகிறது என்கிறாள். டிசம்பரில் திருச்சியிலிருந்து அம்மா வேறு வருகிறார். என்ன செய்வது?

பதில்: அவசரப் பணம் என்று ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறீர்களே, அது எதற்கு? அக்டோபரில் பாய்லர் செத்துப்போவதற்குத்தான். எடுங்கள். பாதியளவு போகும், மீதி இருக்கும். மாதம் 45 பவுண்டு தவணை கட்ட முடியும் என்றால், அதே 45 பவுண்டை ஐசாவுக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டே வாருங்கள். ஆறு ஆண்டுக்குள் பழைய இடத்துக்கு வந்துவிடுவீர்கள்.

தவணையில் வாங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3,200 பவுண்டுக்கு 11.9 சதவீத வட்டி, 10 ஆண்டு: மொத்தம் கட்டுவது சுமார் 5,350. வட்டி மட்டும் 2,150 பவுண்டு. அதாவது ஒரு பாய்லர் வாங்கி, அதன் விலையில் மூன்றில் இரண்டு பங்கைக் கடைக்காரருக்குச் சும்மா கொடுக்கிறீர்கள். ஐசாவில் அந்தப் பணம் கிடந்தால் 4 சதவீதம் வருமா? அதற்குக் கூடுதலாக வந்தால் ஆச்சரியம். 4 சதவீதம் சம்பாதிக்கும் பணத்தைப் பூட்டி வைத்துவிட்டு 12 சதவீதத்துக்குக் கடன் வாங்குவதை ஊரில் யாராவது செய்தால் பாட்டி என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்து, அந்த விற்பனையாளர் சொன்ன ‘மிச்சம்’. உங்கள் பழைய பாய்லர் 78 சதவீதத் திறனில் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். 12,000 யூனிட் கேஸில் வீட்டுக்குக் கிடைத்த வெப்பம் 9,360 யூனிட். அதே வெப்பத்தை 90 சதவீதத் திறனுள்ள புது பாய்லர் தர 10,400 யூனிட் போதும். மிச்சம் 1,600 யூனிட், 6 பென்ஸ் வீதம் 96 பவுண்டு. ஆண்டுக்கு! தவணையோ ஆண்டுக்கு 540 பவுண்டுக்கு அருகில். பில் மிச்சத்தில் பாய்லர் விலையை எடுக்க முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும், பாய்லர் அதில் பாதிக் காலம் உழைத்தாலே நல்ல பாய்லர். இதை முதலீடு என்று நினைக்காதீர்கள். கூரையில் ஓடு மாற்றுவது மாதிரி ஒரு செலவு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பாய்லரை ‘மிச்சத்துக்காக’ மாற்ற யாராவது சொன்னால் நான் வேண்டாம் என்பேன். உங்களுடையது ஓடவில்லை, பார்ட்ஸும் இல்லை. மாற்றத்தான் வேண்டும்.

ஹீட் பம்ப் பற்றி. தோழி சொன்னது உண்மை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 அக்டோபர் முதல் மானியம் 7,500 பவுண்டு. வாட் வரியும் 2027 மார்ச் 31 வரை பூஜ்யம். கேஸ் பாய்லருக்கு 20 சதவீதம். ஆனால் மின்சார யூனிட் கேஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பம் தந்தாலும், ஹீட் பம்புக்கென்று தனி மின்கட்டணத் திட்டம் இல்லாவிட்டால் பில் கொஞ்சம் கூடவே வரலாம். வெந்நீர்த் தொட்டி வைக்க ஒரு அலமாரி அளவு இடம் வேண்டும். காம்பி இருந்த வீட்டில் அந்த இடத்தை எப்போதோ துணி அடுக்க எடுத்துக்கொண்டிருப்பீர்கள். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் சிலவற்றையும் பெரிதாக மாற்ற வேண்டிவரும். பாய்லர் உயிரோடு இருக்கும்போது நிதானமாகத் திட்டமிட வேண்டிய வேலை அது. குளிர்ந்த வீட்டில், வெந்நீர் இல்லாமல், அம்மா விமானம் ஏறப்போகும் நேரத்தில் எடுக்கும் முடிவு அல்ல. ஆசைக்கு ஒரு கொட்டேஷன் வாங்கிப் பாருங்கள், இலவசமாகத் தந்தால்.

சரி, மூன்று கொட்டேஷனுக்கு வருவோம். விலையைப் பார்ப்பதற்கு முன் ஒரு பக்கெட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். பத்து லிட்டர் பிடிக்கும் பக்கெட்டில் குளிர்நீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, போனில் நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் உங்கள் தெருக் குழாய் தருவது நிமிடத்துக்குப் பத்து லிட்டர். 24 கிலோவாட் காம்பி, குளிர்நீரை 35 டிகிரி சூடேற்றி நிமிடத்துக்குப் பத்து லிட்டர் அளவில் தரும். 30 கிலோவாட் 12 லிட்டருக்கு மேல் தரும். குழாயே பத்துதான் தருகிறது என்றால் 35, 40 கிலோவாட் பாய்லர் வாங்கி என்ன செய்வது? வராத தண்ணீரை எதுவும் சூடாக்க முடியாது. பெரிய கம்பெனியின் 4,100-ல் எத்தனை கிலோவாட் மாடல் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே குளியலறைக்கு 28, 30-க்கு மேல் எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

கிலோவாட் இரண்டு வேலைக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் விளக்குவதில்லை. அந்த 24, 30 எல்லாம் குளியல் நீருக்கு. உங்கள் அளவு வீட்டைச் சூடாக வைக்க, கடுங்குளிர் நாளில்கூட பெரும்பாலும் பத்து கிலோவாட்டுக்குள் போதும். மற்ற நாட்களில் இரண்டு, மூன்று. அதனால் ‘இந்த மாடல் கீழே எத்தனை கிலோவாட் வரை இறங்கும்?’ என்று கேளுங்கள். இறங்கத் தெரியாத பாய்லர் பற்றும், அணையும், மறுபடி பற்றும். கேஸும் வீண், பார்ட்ஸும் தேயும். இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவருக்கு என்னுடைய முதல் மதிப்பெண்.

கோயில் நண்பரின் 2,750 எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரே வரியில் ‘புது பாய்லர், கூலி உட்பட’ என்று எழுதிக்கொடுத்திருந்தால் அது கொட்டேஷன் இல்லை. மாடல் பெயர், பழைய குழாய்களையும் ரேடியேட்டர்களையும் அலசிக் கழுவுவது, இரும்புத் துருவைப் பிடித்து வைக்கும் காந்த ஃபில்டர், துருத்தடுப்பு மருந்து, தெர்மோஸ்டாட், புகைக்குழாய், எத்தனை ஆண்டு வாரண்டி என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். 19 ஆண்டு ஓடிய குழாய்களில் கறுப்புச் சேறு இருக்கும். அதைக் கழுவாமல் புது பாய்லர் மாட்டினால், நாளைக்குப் பழுது வரும்போது வாரண்டிக்காரர் முதலில் அதைத்தான் காரணம் காட்டுவார். இதையெல்லாம் சேர்த்து அவர் 3,000 சொன்னாலும் அவரிடமே செய்யலாம். கேஸ் வேலை செய்பவர்களைப் பதிவு செய்யும் கேஸ் சேஃப் அமைப்பின் அட்டையைக் கேட்டுப் பாருங்கள். அட்டையின் பின்பக்கம் அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்று இருக்கும். பதிவு இல்லாதவர் பாய்லர் மாட்டுவது சட்டப்படி குற்றம். ‘நம்ம ஆள், எப்படிக் கேட்பது’ என்று கூச்சப்பட வேண்டாம். நல்ல இன்ஜினீயர் கேட்பதற்கு முன்பே காட்டுவார்.

அந்த 200 பவுண்டு ரொக்கத் தள்ளுபடியை மட்டும் விட்டுவிடுங்கள். முடிந்தால் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருள் அல்லது வேலைக்கு, சிறு பகுதியை கார்டில் கட்டியிருந்தாலும், வேலை கெட்டுப்போனாலோ கம்பெனி மூடிப்போனாலோ முழுத் தொகைக்கும் கார்டு கம்பெனியும் பொறுப்பு. 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு அது. அடுத்த மாதமே கார்டை முழுதாக அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கே வேறு வட்டி. ரொக்கமாகக் கொடுத்து ரசீதும் இல்லாமல் போனால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. வேலை முடிந்ததும் அவர் கேஸ் சேஃபில் பதிவு செய்ய, சில வாரங்களில் கட்டட விதிச் சான்றிதழ் உங்களுக்கு வர வேண்டும். அதை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் அதைக் கேட்பார். என்னிடம் வந்த ஒரு குடும்பம் இந்த ஒரு காகிதம் இல்லாமல் விற்பனையின் கடைசிக் கட்டத்தில் இரண்டு வாரம் அலைந்தது.

பாய்லர் மாட்டும் நாளில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்க வேண்டும்; 2022 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் அது விதி. கொட்டேஷனில் இல்லையென்றால் கேளுங்கள்.

மாட்டியபின் பணம் மிச்சமாகும் இடம் ஒன்று உண்டு, அது இலவசம். இன்ஜினீயர் பெரும்பாலும் ரேடியேட்டருக்குப் போகும் நீரை 75, 80 டிகிரியில் வைத்துவிட்டுப் போவார். லேபிளில் போட்டிருக்கும் 92 சதவீதம் அந்தச் சூட்டில் கிடைக்காது. ஏன் என்றால், இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது ஆவி பட்டால் வெந்நீர் பட்டதைவிட மோசமாகச் சுடும் அல்லவா, ஆவி நீராகும்போது அவ்வளவு வெப்பத்தைக் கொட்டுகிறது. இப்போதைய பாய்லர்கள் புகையிலிருக்கும் அந்த ஆவியை நீராக்கித்தான் கூடுதல் வெப்பத்தைப் பிடிக்கின்றன. ரேடியேட்டரைச் சுற்றித் திரும்பி வரும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். பாய்லரில் இரண்டு குறிகள் இருக்கும்: ரேடியேட்டர் படம், குழாய் படம். ரேடியேட்டரை 60-க்கு இறக்குங்கள், குழாயை 50-க்குள் வையுங்கள். காம்பிக்கு மட்டும்தான் இந்த யோசனை. வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டில் கிருமி வளராமல் இருக்கத் தொட்டி நீர் 60 டிகிரி வேண்டும், அங்கே இப்படி இறக்கக் கூடாது. காம்பியில் இப்படி இறக்கினால் கேஸில் 6 முதல் 8 சதவீதம் குறையலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வீடு சூடாக முன்பைவிடக் கொஞ்சம் நேரமாகும்; அரை மணி முன்னதாக ஆன் ஆகும்படி டைமரை மாற்றினால் போதும். ‘எகோ’ பொத்தான் இருந்தால் அதையும் போடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் குழாயைத் திறக்காதபோதும் பாய்லர் அவ்வப்போது பற்றி, வெந்நீரைத் தயாராக வைத்துக்கொண்டே இருக்கும்.

பாய்லர் முகத்தில் உள்ள அழுத்த முள்ளை மாதம் ஒருமுறை பாருங்கள். ஆறியிருக்கும்போது 1-க்கும் 1.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். கீழே இறங்கினால் அடியில் உள்ள வெள்ளிப் பின்னல் குழாயின் திருகை மெல்லத் திறந்து ஏற்றலாம். மாட்டுகிற அன்றே உங்கள் முன்னால் ஒருமுறை செய்து காட்டச் சொல்லிப் போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். வாராவாரம் இறங்கினால் எங்கோ கசிவு.

இன்னொன்று, பட்டுத் தெரிந்தது. 2022 டிசம்பர் உறைபனியில் ஒரு காலை எங்கள் வீட்டு பாய்லர் ஏதோ எண்ணைக் காட்டிவிட்டு நின்றுபோனது. களகளவென்று சத்தம் மட்டும். இன்ஜினீயருக்குப் போன் போட்டால் மூன்று நாள் கழித்துத்தான் வர முடியும் என்றார். பாய்லரிலிருந்து கழிவுநீர் போகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வெளிச்சுவரில் உறைந்துபோயிருந்தது, அவ்வளவுதான். கெட்டில் நீரைச் சொம்பில் ஊற்றிக் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, இரண்டு சொம்பு குழாய்மேல் ஊற்றினேன். பாய்லரை ரீசெட் செய்ததும் ஓடியது. கொதிநீர் ஊற்றினால் குழாய் வெடிக்கலாம். உங்களுக்கு இந்தத் தொல்லை வராமல் இருக்க, அந்தக் குழாயை வீட்டுக்குள்ளேயே சாக்கடைக் குழாயில் சேர்க்க முடியுமா என்று இப்போதே கேளுங்கள். முடியாவிட்டால் வெளியே தடித்த குழாயாகப் போட்டு உறை சுற்றச் சொல்லுங்கள்.

அம்மா வந்ததும் துணியை ரேடியேட்டர்மேல் காயப்போடுவார், ஜன்னலை அடைத்து வைப்பார். சுவரில் பூஞ்சை வரும். ஒரு கொடியை வாங்கிக் குளியலறையில் கட்டி, ஃபேனைப் போட்டுவிடுங்கள். பகலில் அவர் இருக்கும் அறையை 20, 21 டிகிரியில் வைத்து, மற்ற அறை ரேடியேட்டர்களின் திருகை 2-க்கு இறக்கினால் பில் எகிறாது.

வாரண்டி எத்தனை ஆண்டானாலும் ஆண்டுதோறும் சர்வீஸ் செய்து, கூடவே வரும் புத்தகத்தில் கையெழுத்து வாங்கினால்தான் செல்லும். அதற்கு நூறு பவுண்டு போல ஒதுக்குங்கள். பாய்லர் மாட்டும்போதே மாதம் இருபது, முப்பது பவுண்டுக்குப் பழுது பார்த்துத் தரும் ‘கவர்’ திட்டம் ஒன்றை யாராவது நீட்டுவார்கள். வாரண்டி உள்ள வரை பாய்லர் பழுதுக்கு இரண்டு முறை பணம் கட்டத் தேவையில்லை. பழைய பாய்லருக்கு ஏதாவது கவர் நேரடி டெபிட்டில் போய்க்கொண்டிருக்கிறதா என்று வங்கிக் கணக்கைப் பாருங்கள். இருந்தால், புது பாய்லர் ஓடத் தொடங்கிய அன்றே போன் செய்து நிறுத்துங்கள்.