ஊட்டியில் வளரும் பிள்ளைக்கு ஐஸ் ஸ்பிரிண்டர் (பனித்தளத்தில் குறுந்தூர ஸ்கேட்டிங் பந்தய வீரர்) ஆக மலை உயரம் உதவுமா?

பந்தயத்தில் உயரம் உதவும், கற்கும்போது அவ்வளவாக இல்லை. 500 மீட்டர் 40 நொடிக்குள் முடிந்துவிடும். அங்கே மூச்சு வாங்குவதைக் காட்டிலும் காற்றுத் தடைதான் பெரிய எதிரி. உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு, தடையும் குறைவு. சுமார் 1,425 மீட்டர் உயரத்திலுள்ள அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி ஐஸ் அரங்கில் சாதனைகள் குவிவது அதனால்தான். ஊட்டி 2,240 மீட்டர். ஆனால் பந்தயத்துக்கான 400 மீட்டர் ஐஸ் தளம் அங்கே இல்லை.

ஆகவே இன்லைனில் (ஒரே வரிசையில் சக்கரங்கள் உள்ள ஸ்கேட்) தொடங்குங்கள். 1988, 1992, 1994 என மூன்று ஒலிம்பிக்கிலும் 500 மீட்டர் தங்கம் வென்ற அமெரிக்க ஐஸ் ஸ்கேட்டிங் வீராங்கனை பானி பிளேரின் பழைய வீடியோக்களைப் பாருங்கள்: இடுப்பு தாழ்ந்து, முழங்கால் நன்றாக மடங்கி, கால் பின்னால் அல்ல, பக்கவாட்டில் உந்தும். பனிமூட்டத்தில் நனைந்த தார் ரோட்டில் அப்படி உந்தினால் சக்கரம் வழுக்கும், பேரிங் துருப்பிடிக்கும். பிள்ளையும் பயந்து நிமிர்ந்தே ஓடப் பழகிவிடும். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. காய்ந்த உள்ளரங்கத் தரை போதும். கொண்டை ஊசி இறக்கம் வேண்டவே வேண்டாம்.