முப்பதும் மூன்றும்

மதிப்புக்குரிய ஐயா,

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசமைப்புச் சட்டம் நடத்துகிறேன். அதிலுள்ள குறைகளைப் பற்றி நீங்கள் சிறுவர்களுக்காக எழுதிய கட்டுரையை வகுப்பில் வாசிக்கத் தயங்கினேன். முதலில் மதிப்பை ஊட்டிவிட்டு, குறைகளைக் கல்லூரியில் அறியட்டும் என்று விடுவதல்லவா முறை?

ஓர் ஆசிரியை,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. அந்தக் கட்டுரையில் ஏழு குறைகளை அடுக்கியிருந்தேன். இப்போது வாசித்தால் எனக்கே அது வசைப் பட்டியலாகத் தெரிகிறது. ஆனால், கல்லூரிக்குத் தள்ளிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பொறியியலோ செவிலியமோ படிக்கப்போகிற பிள்ளைக்கு இந்தப் பாடம் பள்ளியோடு முடிந்துவிடுகிறது.

ஒரே ஒரு குறையை, அது வேலை செய்கிற விதத்தோடு காட்டுங்கள். பாரதி பூங்காவுக்கு எதிரே இருக்கிற நம் சட்டப்பேரவையே போதும். மக்கள் தேர்ந்தெடுக்கிற உறுப்பினர்கள் 30 பேர். 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேசச் சட்டப்படி மத்திய அரசு மேலும் 3 பேரை நியமிக்கலாம். இங்குள்ள அமைச்சரவையைக் கேட்காமலே அவர்களை நியமிக்கலாம் என்றும், நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் அவர்கள் வாக்களிக்கலாம் என்றும் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கரும்பலகையில் கணக்காகப் போடுங்கள்: ஆளும் அணி 16, எதிரணி 14. மூவரும் எதிரணியோடு சேர்ந்தால் 17; தேர்தலில் வென்றவர்கள் அவையில் தோற்பார்கள். (2021இல் ஆட்சி கவிழ்ந்ததை இதற்கு உதாரணமாகச் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பெரும்பான்மையைக் கரைத்தவை பதவி விலகல்கள். மூவரின் வாக்குரிமை அன்று வாதத்துக்கு வந்தது, அவ்வளவுதான்.)

பக்கத்திலேயே, திருத்தப்பட்ட குறை ஒன்றையும் வையுங்கள். 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற, எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடிய சொல்லைக் கொண்டு 1975இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 1978இல் வந்த 44ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டு 'ஆயுதக் கிளர்ச்சி' என்று வைத்தது. திருந்தும் வழியைத் தனக்குள்ளேயே, 368ஆம் பிரிவில், எழுதிவைத்திருக்கிற சட்டத்தின் மேல் பிள்ளைகளுக்கு மதிப்புக் குறைந்து நான் கண்டதில்லை.

கடலூர்ப் பக்கமிருந்து வருகிற பிள்ளை யாராவது இருந்தால் இன்னும் நல்லது. தமிழ்நாட்டுப் பேரவையில் ஆங்கிலோ இந்தியருக்கென்று இருந்த ஒரே நியமன இடம் 104ஆவது திருத்தத்தால் 2020இல் போய்விட்டது. இப்போது அங்கே 234 பேரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே. 'எல்லையிலிருக்கிற முள்ளோடைக்கு அந்தப் பக்கம் ஒரு நியாயம், இந்தப் பக்கம் ஒரு நியாயமா?' என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். புதுச்சேரி போன்ற யூனியன் பிரதேசத்துக்குச் சட்டப்பேரவை அமைக்க வழிசெய்கிற, 1962இல் 14ஆவது திருத்தம் சேர்த்த 239ஏ பிரிவைக் கையில் கொடுத்து, 'நியமிக்கப்பட்ட' என்ற சொல் எந்த இடத்தில் வருகிறது என்று தேடச் சொல்லுங்கள்.