நல்ல தண்ணீர், நல்ல ரத்தம்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை காமாலையைப் பற்றியவை. ரத்தம் கொடுப்பவர்களும் ஏற்றிக்கொள்பவர்களும் கேட்டவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் மஞ்சள் காமாலை வந்து சரியாகிவிட்டது. ஹெபடைடிஸ் ஈ என்றார்கள். அடுத்த வாரம் கல்லூரியில் ரத்ததான முகாம். கொடுக்கலாமா? எப்படியும் சோதித்த பிறகுதானே ஏற்றுவார்கள்? (மாணவர், ராமநாதபுரம்)

வேண்டாம் தம்பி, இந்த முகாமில் கொடுக்காதீர்கள். நீங்கள் கடைசியாகக் கேட்டதுதான் எனக்குக் கவலை தருகிறது, ஏனென்றால் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். நம் நாட்டில் ஒவ்வொரு ரத்தப் பையிலும் கட்டாயமாகப் பார்க்கப்படுபவை ஐந்து: எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா. கல்லீரலைத் தாக்கும், நம்மிடம் பெரும்பாலும் மலம் கலந்த தண்ணீர் வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் ஈ வைரஸ் அந்த ஐந்தில் இல்லை. கண் மஞ்சளாவதற்கு முன்பே இந்த வைரஸ் ரத்தத்தில் வந்துவிடும். பலருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. இரண்டு நாள் சோர்வோடு போய்விடும். ஆகவே இந்தக் கிருமியைப் பொறுத்தவரை, ரத்த மையத்தின் கையில் இருக்கும் சோதனை நீங்கள் படிவத்தில் எழுதும் உண்மையான பதில்தான்.

ஏ அல்லது ஈ வகை என்று உறுதியானவர்கள் 12 மாதம் பொறுத்துக் கொடுக்கலாம். பி, சி வகை என்றால் எப்போதும் கூடாது. எந்த வகை என்றே தெரியாத காமாலைக்கும் நிரந்தர மறுப்புதான். அதனால் உங்கள் ஆய்வக அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். அது இல்லாமல், நல்ல கொடையாளர் ஒருவரை ரத்த மையத்தில் நாங்கள் காலம் முழுக்கத் திருப்பி அனுப்ப நேர்கிறது. வீட்டில் ஒருவருக்குக் காமாலை இருந்தால், அவரோடு நெருங்கிப் பழகியவர்களும் 12 மாதம் பொறுக்க வேண்டும்.

என் கணவர் போகும் விசைப்படகில் அவரோடு சேர்த்து மூன்று பேருக்குக் காமாலை. நாங்கள் குடிப்பது நல்ல தண்ணீர்தான். பிறகு எப்படி வந்தது? (தங்கச்சிமடம்)

நம் கரையில் ‘நல்ல தண்ணீர்’ என்றால் உப்புக் கரிக்காத தண்ணீர் என்று பொருள். உப்பை நாக்கு கண்டுபிடித்துவிடும். மலக் கிருமியை அது அறியாது. மணலில் தோண்டிய ஊற்று இனிப்பாகவே இருக்கும். பத்தடி தள்ளி ஒரு கழிவறைக் குழி இருந்தால், மணல் வழியே இரண்டும் கலந்துவிடும். கடலுக்குள் போகும்போது படகில் எல்லாருக்கும் பெரும்பாலும் ஒரே கேன்தான். ஒரே தண்ணீரைக் குடித்தவர்கள் சில நாள் முன்னே பின்னே படுக்கிறார்கள் என்றால், என் சந்தேகம் முதலில் அந்தக் கேனின் மீதும் அதை நிரப்பிய இடத்தின் மீதும்தான் போகும். கிருமி உள்ளே போனதிலிருந்து நோய் தெரிய 2 முதல் 10 வாரம் ஆகும். அதனால் நேற்று குடித்ததை அல்ல, போன மாதம் எங்கே தண்ணீர் பிடித்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

குழாயில் வருவது என்பதாலும் நம்பிவிட முடியாது. 1955 கடைசியில் டெல்லியில் யமுனைத் தண்ணீரோடு சாக்கடை கலந்தது. சுத்திகரித்துக் குளோரின் போட்டு அனுப்பிய தண்ணீர்தான். பாக்டீரியா அடங்கியது, வைரஸ் தப்பிவிட்டது. சுமார் 29,000 பேருக்குக் காமாலை. அது இந்த ஈ வகைதான் என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே தெரிந்தது. கொப்பளித்துக் கொதிக்க விட்டு ஆற வைத்த தண்ணீரையே குடியுங்கள், படகிலும் அதையே கொடுத்தனுப்புங்கள். ஆறிய தண்ணீரில் கையோடு சொம்பை முக்கினால் பட்ட பாடெல்லாம் வீண்.

நான் ஏழு மாதக் கர்ப்பிணி. மாமியாருக்குக் காமாலை. அவருக்கு அரைக்கும் கீழாநெல்லியை முன்னெச்சரிக்கையாக என்னையும் குடிக்கச் சொல்கிறார்கள். (தொண்டி)

அம்மா, உங்கள் கடிதத்துக்குத்தான் முதலில் பதில் எழுதினேன். மற்றவர்களுக்கு ஈ வகைக் காமாலை பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் வந்தால் 100 பேரில் 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீழாநெல்லி இந்த வைரஸைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதை நம்பி நாள் கடத்துவதே எனக்கு அச்சம்.

மாமியாரைத் தொடுவதால் பெரிதாக ஒன்றும் வராது; இந்நோய் ஆளிடமிருந்து ஆளுக்கு எளிதில் தொற்றுவதில்லை. அவர் குடித்த தண்ணீரை நீங்களும் குடித்திருக்கிறீர்களே, அதுதான் ஆபத்து. இன்றே கொதிநீருக்கு மாறுங்கள். வீட்டில் காமாலை இருப்பதை உங்கள் மருத்துவரிடம் சொல்லி, கல்லீரல் சோதனை செய்துகொள்ளுங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, சிறுநீர் அடர்மஞ்சளானாலோ, தூக்கக் கலக்கமும் உளறலும் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சீனாவில் தடுப்பூசி இருக்கிறது. இங்கே அது புழக்கத்தில் இல்லை.

லண்டனில் இருக்கும் என் அண்ணன், அங்கே எல்லாக் கொடையாளர்களுக்கும் ஹெபடைடிஸ் ஈ சோதனை உண்டு என்கிறார். இங்கே ஏன் இல்லை? (கீழக்கரை)

அண்ணன் சொல்வது சரி. இங்கிலாந்தில் 2,25,000 கொடைகளைப் பரிசோதித்ததில் 79-இல் வைரஸ் இருந்தது. 2017 முதல் அங்கே எல்லா ரத்தத்தையும் சோதிக்கிறார்கள். ஆனால் அங்கே பரவுவது வேறு மரபணு வகை. சரியாக வேகாத பன்றி இறைச்சி வழியாக வருவது. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களின் உடலில் அது நாள்பட்டுத் தங்கிவிடும். நம்மிடம் பரவும் முதல் மரபணு வகை தண்ணீர் வழியாக வருவது. இங்கும் ரத்தம் வழியாகத் தொற்றக்கூடும், அது உண்மை. ஆனால் அந்தச் சோதனைக்குச் செலவு அதிகம். செலவழிக்க ஒரு ரூபாய் இருந்தால் முதலில் குடிநீருக்கே செலவழியுங்கள் என்பேன். கர்ப்பிணிகளுக்கும் உறுப்பு மாற்று நோயாளிகளுக்கும் ஏற்றும் ரத்தத்தையாவது சோதிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தம் தேவைப்படலாம் என்கிறார்கள். எங்கள் தெருவில் காமாலை. சொந்தக்காரர்கள் கொடுத்தால் பாதுகாப்புதானே? (மண்டபம்)

இல்லை. அதே தெருக் குழாயில் குடிக்கும் சொந்தக்காரர்களை இப்போது கூப்பிடாதீர்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்காத, வேறு ஊர்த் தன்னார்வக் கொடையாளர்களின் ரத்தம் நல்லது. தெருவில் காமாலை இருப்பதை ரத்த மையத்தில் சொல்லிவிடுங்கள். ஆனால் பயந்துகொண்டு ரத்தமே வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிரசவ ரத்தப்போக்கு சில நிமிடங்களில் உயிரைக் கொண்டுபோய்விடும்.

மீனால் வருமா? (பாம்பன்)

குழம்பில் நன்றாக வெந்த மீனால் வராது. கழிவுநீர் கலக்கும் இடத்தில் எடுத்த மட்டி, சிப்பிகளை அரைவேக்காட்டில் சாப்பிடாதீர்கள். மீன் பெட்டியில் போடும் ஐஸை மட்டும் பானத்தில் சேர்க்காதீர்கள். உறைவதால் இந்த வைரஸ் சாவதில்லை.