ஸ்டார் வார்ஸ் 1977: எந்த சீன்ல எந்த துப்பாக்கி? கேள்வி பதில்

ஸ்டார் வார்ஸ் படத்துல ஸ்க்ரீன்ல தெரியற துப்பாக்கி எந்த பீஸ்னு எப்படி கண்டுபிடிக்கறதுன்னு ஒரு வாரமா வந்த கேள்விகளுக்கு மொத்தமா பதில் போடறேன். முதல் படம் மட்டும்தான், அதாவது 1976ல துனிசியாலயும் இங்கிலாந்து எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோலயும் எடுத்தது. அடுத்த பாகங்களை ஒப்பிட தேவைப்பட்டா மட்டும் தொடறேன்.

அண்ணா, வெள்ளை கவசம் போட்ட ஸ்டார்ம்ட்ரூப்பர் (வில்லன் படை சிப்பாய்) எல்லார் கையிலயும் ஒரே துப்பாக்கிதானே இருக்கு, இதுல என்ன வித்தியாசம் தேடறீங்க?

டிசைன் ஒண்ணுதான், பீஸ் ஒண்ணு இல்ல தம்பி. அடியில இருக்கறது பிரிட்டிஷ் ஸ்டெர்லிங் எல்2ஏ3, 9 எம்எம் சப்மெஷின் கன், லண்டன்ல படங்களுக்கு ஆயுதம் வாடகைக்கு விடற பாப்டி கம்பெனி இருப்புல இருந்து வந்தது. அதை அப்படியே எடுத்து சாமான் ஒட்டி மாத்தலாம்ங்கற ஐடியா செட் டெக்கரேட்டர் ரோஜர் கிறிஸ்டியனோடது. குழல்ல கறுப்பு பிளாஸ்டிக் பட்டி (நாங்க டி-ட்ராக்னு சொல்றது), மேல அமெரிக்க டாங்க்ல இருந்து கழட்டின எம்38 ஸ்கோப், மேகசின் பக்கம் ஒரு கவுண்டர் (எண்ணிக்கை காட்டற சின்ன பெட்டி), மேகசினையும் வெட்டி குட்டையாக்கிட்டாங்க. எல்லாம் கைவேலை. ஒண்ணுல பட்டி நேரா இருக்கும், இன்னொண்ணுல கோணிக்கிட்டு இருக்கும், ஒண்ணுல ஸ்கோப் அரை இஞ்ச் பின்னாடி தள்ளி உக்காந்திருக்கும்.

அப்போ ஸ்கோப், கவுண்டர் பார்த்தே பீஸை சொல்லிடலாமா?

முடியாது, ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் ஏமாறறது இங்கதான். ஒட்டின சாமான் விழும், கழண்டுபோகும், நேத்து ஒரு துப்பாக்கில இருந்த கவுண்டர் இன்னைக்கு வேற ஒண்ணுல இருக்கும், ஷூட்டிங் முடிஞ்சதும் எல்லாத்தையும் பிரிச்சு அடுத்த படத்துக்கு வாடகைக்கு விட்டுட்டாங்க. அதனால மேல இருக்கறதை விடுங்க, அடியில இருக்கற ஸ்டெர்லிங்கை பாருங்க. அந்த காலத்து ஸ்டெர்லிங்ல கறுப்பு பெயிண்ட் வழவழன்னு இருக்காது, சுருக்கம் சுருக்கமா வெடிச்ச மாதிரி இருக்கும். அந்த பெயிண்ட் எங்க தேய்ஞ்சு இரும்பு தெரியுது, மேகசின் சொருகற இடத்து ஓரத்துல எங்க சில்லு போயிருக்கு, மடக்கற ஸ்டாக்ல (தோள்ல முட்டுக்கொடுக்கற பகுதி) எந்த இடம் வளைஞ்சிருக்கு, குழல் ஓட்டைகளுக்கு நடுவுல கீறல் எந்த கோணத்துல போகுது, இதெல்லாம் ஒருத்தர் கைரேகை மாதிரி, வேற பீஸ்ல அப்படியே வராது. ஒரு அடையாளம் பொருந்தினா நான் ஒத்துக்க மாட்டேன். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத மூணு இடமாவது பொருந்தணும், அதுவும் ரெண்டு வேற ஷாட்ல.

கவுண்டர் எல்லாமே ஹெங்ஸ்ட்லர்தானா?

இல்ல. பெரும்பாலும் ஜெர்மன் ஹெங்ஸ்ட்லர், சிலதுல ஈகிள்னு வேற கம்பெனி கவுண்டர். ரெண்டோட பெட்டி வடிவமும் வேற, மங்கலான ஷாட்லயே பிரிச்சு சொல்லிடலாம். தேடற லிஸ்ட்டை சுருக்க உதவும், அவ்வளவுதான், முடிவு பண்ண பத்தாது.

ப்ரோ, ஒரே சீன்ல ஒரு துப்பாக்கியோட பக்கவாட்டு ஓட்டை (காலி தோட்டா கூடு வெளிய வர்ற இடம்) திறந்திருக்கு, அடுத்த ஷாட்ல உள்ள இரும்பு தெரியுது. ரெண்டு வேற பீஸா?

அருமையான கேள்வி, இதை கவனிச்சதுக்கே ஒரு சபாஷ். வேற பீஸ் இல்லாம இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. ஸ்டெர்லிங் ஓப்பன் போல்ட் டைப், அதாவது சுட ரெடியா காக் பண்ணினா போல்ட் (உள்ள முன்னும் பின்னும் ஓடற இரும்பு உருளை) பின்னாடி போய் நிக்கும், அப்போ ஓட்டை காலியா தெரியும், காக் பண்ற கைப்பிடியும் பின்னாடி இருக்கும். ட்ரிகரை இழுத்துட்டா போல்ட் முன்னாடி வந்து ஓட்டையை அடைச்சிடும். அதனால கைப்பிடி எங்க நிக்குதுன்னு முதல்ல பாருங்க. போல்ட் முன்னாடி இருக்கும்போது அதுல சாய்வா சுத்திப்போற வரிப்பள்ளம் தெரிஞ்சா இன்னும் சந்தோஷம், அது அழுக்கு ஒதுங்க ஸ்டெர்லிங்ல வெட்டி விட்டிருக்கற பள்ளம், நிஜ துப்பாக்கின்னு நம்பலாம்.

நிஜ துப்பாக்கியா ரெசின் (அச்சுல வார்க்கற பிளாஸ்டிக்) காப்பியான்னு ஸ்க்ரீன்ல பார்த்தே சொல்ல முடியுமா?

பல ஷாட்ல முடியும். டெத் ஸ்டார் (வில்லன்களோட விண்வெளி நிலையம்) சண்டைல காலி கேஸ், அதாவது தோட்டா கூடு, வெளிய பறக்கறது கண்ணுக்கே தெரியும், ஏன்னா அது நிஜ துப்பாக்கில பிளாங்க் (குண்டு இல்லாத தோட்டா) போட்டு சுட்டது, லேசர் கோடு எல்லாம் அப்புறமா வரைஞ்சது. கேஸ் பறந்தா அந்த ஷாட்ல ரெசினுக்கு வேலையே இல்ல. வார்த்து எடுத்த காப்பில ஓரமெல்லாம் மழுங்கி இருக்கும், சுருக்க பெயிண்டோட டெக்ஸ்சர் கரைஞ்ச மாதிரி இருக்கும், குழல் ஓட்டை வழியா அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியாது. நடிகர் தூக்கற விதத்தையும் கவனிங்க, ஸ்டெர்லிங் காலியாவே 2.7 கிலோ, அதை ஒத்தைக் கையில பஞ்சு மாதிரி வீச முடியாது.

சார், இது நம்ம ஊர் போலீஸ் வெச்சிருக்கற கார்பைன் மாதிரியே இருக்கே?

அதேதான் சார், உங்க கண்ணு சரியா புடிச்சிருக்கு. ஸ்டெர்லிங்கை லைசென்ஸ் வாங்கி கான்பூர் ஸ்மால் ஆர்ம்ஸ் ஃபேக்டரில செஞ்சதுதான் நம்ம கார்பைன் 1ஏ. இடப்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கற மேகசின், ஓட்டை போட்ட குழல், கீழ மடங்கற ஸ்டாக் எல்லாம் அதேதான்.

ஹீரோக்கள்ல ஒருத்தர் ஹான் சோலோவோட பிஸ்டல் பத்தி சொல்லுங்கண்ணா, கோடிக்கணக்குல ஏலம் போச்சாமே.

மௌசர் சி96. அதுல ஹென்சோல்ட் ஸ்கோப், வாய்ப்பகுதில எம்ஜி 81னு ஜெர்மன் விமான துப்பாக்கியோட ஃப்ளாஷ் ஹைடர் (சுடும்போது வர்ற தீச்சுடரை மறைக்கற பாகம்). 2022ல ராக் ஐலண்ட் ஏலத்துல 10,57,500 டாலருக்கு போச்சு, ஷூட்டிங்குக்கு இருந்த மூணுல மிச்சம் இருக்கற ஒண்ணுன்னு சொல்லி வித்தாங்க. சி96ல பார்க்க வேண்டியது வேற: மரப்பிடில குறுக்கே போற வரிகளை எண்ணுங்க, தயாரிப்புக்கு தயாரிப்பு எண்ணிக்கை மாறும். பின்னாடி சுத்தியல்ல வளையம் பெருசா சின்னதா பாருங்க. இந்த ரெண்டும் ஒட்டு சாமான் இல்ல, துப்பாக்கியோட பிறவி அடையாளம். 2018ல ஜூலியன்ஸ் ஏலத்துல 5,50,000 டாலருக்கு போனதை இதோட குழப்பிக்காதீங்க, அது 1983ல வந்த மூணாவது படத்துக்கு செஞ்சது, பெரும்பகுதி மரம்.

இளவரசி லேயா துப்பாக்கி? பாலைவனத்து குட்டி ஆளுங்க, ஜாவாக்கள் துப்பாக்கி?

லேயா கையில சோவியத் மார்கோலின், .22 டார்கெட் பிஸ்டல். ஜாவாவோடது லீ என்ஃபீல்டு ரைஃபிளை வெட்டி முன்னாடி கிரனேடு எறியற கப் மாட்டினது.

ஹீரோ லூக்கோட லேசர் வாள், துப்பாக்கி இல்ல, இருந்தாலும் கேக்கறேன், முதல் படத்துதா ரெண்டாவது படத்துதான்னு எப்படி பிரிக்கறது?

தாராளமா கேளுங்க. ரெண்டுமே பழைய கிராஃப்ளெக்ஸ் கேமரா ஃப்ளாஷ் பிடிதான். நடுவுல இருக்கற கிளாம்ப்பை பாருங்க. முதல் படத்துல கால்குலேட்டர்ல இருந்து எடுத்த குமிழ் குமிழா இருக்கற லென்ஸ் பட்டி சொருகியிருக்கும், ரெண்டாவதுல அந்த இடத்துல சர்க்யூட் போர்டு துண்டு.

நான் எடுத்த ஸ்க்ரீன்ஷாட்ல மேகசின் வலப்பக்கம் இருக்கு! புது வேரியண்டா?

ஸ்டெர்லிங்ல மேகசின் எப்பவும் இடப்பக்கம்தான். படத்தை யாரோ கண்ணாடி பிம்பமா திருப்பி போட்டிருக்காங்க. எந்த வெர்ஷன்ல இருந்து எடுத்தீங்கன்னும் எழுதி வைங்க, 1997 ஸ்பெஷல் எடிஷன்ல இருந்து பல ஷாட்ல கை வெச்சிருக்காங்க, கலர் ஒவ்வொரு ரிலீஸ்லயும் மாறும். பெயிண்ட் கலரை வெச்சு மட்டும் யார்கிட்டயும் வாதாடாதீங்க.

ஒருத்தர் சர்டிஃபிகேட்டோட படத்துல வந்த ஒரிஜினல்னு ஒண்ணு விக்கறார், வாங்கலாமா?

சர்டிஃபிகேட் யார் வேணா பிரிண்ட் எடுக்கலாம். ரெண்டு விஷயம் கேளுங்க. வாடகை கம்பெனில இருந்து அவர் கைக்கு வர்ற வரைக்கும் யார் யார்கிட்ட இருந்ததுன்னு பேப்பர் இருக்கா? எந்த ஷாட்ல வருதோ அந்த ஃப்ரேமையும், அதே கோணத்துல அதே லைட்ல பீஸை எடுத்த போட்டோவையும் பக்கத்து பக்கத்துல காட்டுவாரா? ஸ்டெர்லிங்னா மேகசின் ஹவுசிங் மேல இருக்கற மார்க்கிங், சீரியல் நம்பர் போட்டோவும் வேணும், அது சுரண்டி இருந்தா உடனே விலகிடுங்க. வெறும் "மாதிரியே இருக்கு"ங்கற பேச்சுக்கு காசு குடுக்காதீங்க, முதல்ல போட்டோவை எனக்கு அனுப்புங்க, பார்த்து சொல்றேன்.